அப்பா எழுந்து போன நாற்காலி

"பாப்பா, நான் கிளம்பிட்டேன். அரை நாள் லீவு சொல்லியாச்சு. எந்த பஸ்ல ஏறணும்?"

போனில் அப்பாவின் குரல் அத்தனை உற்சாகமாக இருந்தது. அவளோ கண்காட்சி அரங்கின் சுவரோரம் நின்று, தன் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே எழுதிக் கொடுத்ததை அழகாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். முதல் வரி இப்படித் தொடங்கியது: "சென்ற ஆண்டு மறைந்த என் அப்பா..."

மறைந்த அப்பா, "பதினேழா, இருபத்தொண்ணா?" என்று பஸ் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினேழு... இல்லப்பா, நீங்க வரவே வேண்டாம். இங்க ஒரே கூட்டம்."

"கூட்டமா? அப்ப கூடமாட உனக்கு ஒரு ஆள் வேணும். இதோ வந்துட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் பிளாஷ். வகுப்பிலேயே தூங்கிப்போன பேராசிரியரைப் படமெடுக்கப் போய், பிளாஷ் அடித்து அவரை எழுப்பிவிட்ட நாளிலிருந்து அந்தப் பெயர். இந்தக் கண்காட்சிக்கு அவள் கொடுத்திருந்த படத்தில் வில்லங்கம் எதுவும் கிடையாது. வீட்டு பால்கனியில் ஒரு மர நாற்காலி. அதன் கையில் மடித்துப் போட்ட செய்தித்தாள். பக்கத்தில் ஸ்டூல் மேல் பாதி குடித்த டீ. சாய்வாக விழும் காலை வெயில். நாற்காலியில் ஆள் இல்லை. ஏன் இல்லை என்றால், கூரியர்காரர் மணி அடித்தார்; அப்பா கையெழுத்துப் போடப் போனார். அந்த நாற்பது நொடிக்குள் எடுத்த படம் அது.

இளம் கலைஞர்கள் கண்காட்சியில் ஒரு விதி இருந்தது. படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அது எங்கிருந்து பிறந்தது என்று பத்து வரி எழுதியும் கொடுக்க வேண்டும். அவள் முதலில் எழுதியது இரண்டே வரி. "வெயில் நன்றாக விழுந்தது. எடுத்தேன்."

அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டவன் பென்சில். அவளுடைய வகுப்புத் தோழன், ஓவியம் வரைகிறவன், ஆளும் பென்சில் கனத்தில்தான் இருப்பான்.

"வெயில் நல்லா விழுந்துச்சுன்னா வானிலை அறிக்கைக்குக் கொடு. இங்க எதுக்குக் கொடுக்கிற? மனசைப் பிழியற மாதிரி ஏதாவது வேணும். உங்க வீட்டுல சமீபத்துல யாராவது போயிருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப கஷ்டம்தான்," என்றான் பென்சில், நிஜமான வருத்தத்துடன். "நான் வரைஞ்சது பிளாஸ்டிக் வாளி. ஆனா 'வீடு தொலைத்தவனின் தாகம்'னு எழுதிக் கொடுத்திருக்கேன். உன் படத்துல காலி நாற்காலி இருக்கு. அதுல இருந்தவர் போயிட்டார்னு எழுதேன். யார் வந்து பார்க்கப் போறாங்க?"

எழுதினாள். உட்கார்ந்ததும் பத்து வரியும் மடமடவென்று வந்தது. எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியதுதான் கொடுமை. படம் தேர்வானது. அப்பாவிடம், "என் படம் செலெக்ட் ஆயிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததாக அம்மா சொன்னாள். லீவு போட்டுவிட்டு வருவார் என்று யார் கண்டது? காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷர்.

இப்போது பிளாஷுக்கு ஒரே ஒரு கவலைதான். பரிசும் வேண்டாம், பெயரும் வேண்டாம். அப்பா அந்த அட்டையைப் படித்துவிடக் கூடாது.

பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அட்டையின் மேல் ஒட்டினாள். ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் செருமல் கேட்டது. அரங்கப் பொறுப்பாளர். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கிளிப் போர்டுமாக, யாரையும் உட்கார விடாத அம்மாள்.

"என்ன பண்றே?"

"இல்ல மேடம்... இதை மறைச்சிட்டா நல்லா இருக்குமேன்னு..."

பொறுப்பாளர் தாளைத் தூக்கி, கீழே இருந்த பத்து வரியையும் நின்று படித்தார். படித்து முடித்தபோது முகம் மாறியிருந்தது.

"எழுதினதைத் திரும்பப் பார்க்கக்கூட முடியல, இல்ல? ஐயோ, என் கண்ணே." பிளாஷின் தலையைத் தடவினார். "இதையெல்லாம் மறைக்கக் கூடாதும்மா. எல்லாரும் படிக்கணும். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் அந்தப் பத்து வரியும் ஆள் உயரப் பலகையில் அச்சாகி வாசலில் வந்து நின்றது. கண்ணாடி போடாதவர்களும் தெரு எதிர்ப்பக்கத்தில் நின்றே படிக்கலாம்.

"டேய் பென்சில், அப்பா பஸ் ஸ்டாப்ல இறங்கிட்டாராம்! ஏதாவது பண்ணுடா!"

பென்சில் ஓடிப்போய்ப் பலகையின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். பாதி உடம்பு ஆள், முழுப் பலகை. அவன் மறைத்ததெல்லாம் நடுவில் இரண்டு வார்த்தைதான். அவன் தலைக்கு மேலே "மறைந்த என் அப்பா" பளிச்சென்று தெரிந்தது. கடந்து போனவர்கள் அவனைத்தான் அப்பாவை இழந்த பிள்ளை என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பா வந்தார். இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டை, துடைத்த ஷூ, படிய வாரிய தலை. மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் இழுத்துப் போக, அங்கே கிளிப் போர்டுடன் பொறுப்பாளர் நின்றார்.

"இவர் யாரும்மா?"

அவளுக்கு யோசிக்க நேரம் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். "பெரியப்பா," என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"ஓ... உங்க தம்பி பொண்ணோட படத்தைப் பார்க்க வந்தீங்களா? வாங்க, முதல்ல இதைப் படிங்க." பொறுப்பாளர் அவரை நேராக வாசல் பலகைக்கே கூட்டிப் போய்விட்டார். பென்சிலைப் பார்த்து, "நகருப்பா," என்றார். பென்சில் நகர்ந்தான்.

அப்பா நிதானமாகப் படிக்கிறவர். லிஃப்ட் பழுது பார்க்கும் கையேடுகளை ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவர். பத்து வரியையும் படித்தார். ஐந்தாவது வரியில் ஒருமுறை நின்றார். பிறகு தொடர்ந்தார். பொறுப்பாளர் ஆறுதலாகத் தலையாட்டிவிட்டு வேறு வேலையாகப் போனார்.

அப்பா கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"எப்படிப் போனேன்?" என்று கேட்டார்.

"என்னப்பா?"

"எதுல செத்தேன்னு கேட்டேன். அதை எழுதலையே. யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்ல?"

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க..."

"பெரியப்பா," என்று திருத்தினார். "அந்தம்மா பார்க்கறாங்க. உங்க அம்மா இருக்காளா, அவளும் போயிட்டாளா?"

"இருக்காங்க."

"அவளை மட்டும் ஏன் விட்டே?"

அப்பா சுவரில் இருந்த புகைப்படத்தின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு பாப்பா. ஆனா அந்த டம்ளர்ல மிச்சம் இருந்த டீயை நான் வந்து குடிச்சேனே. அதை எழுதியிருக்கலாமே?"

இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவளுக்கு அந்தச் சட்டத்தைக் கழற்றி அப்படியே உடைத்துவிடலாம் போலிருந்தது.

"இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேம்பா."

"சும்மா இரு. சொன்னா படத்தை எடுத்துடுவாங்க. இத்தனை பேர் முன்னாடி உனக்கு அது வேணுமா?"

தலைமை நடுவர் வந்து சேர்ந்தார். வெள்ளைத் தாடி, காதி ஜிப்பா. நாட்டிலேயே பெரிய ஓவியர். அம்மா போன துக்கத்தில், அம்மா இல்லாத அடுப்படியை நாற்பது படங்களாக வரைந்து பெயர் வாங்கியவர். அந்த நாற்பதும் இன்று ஏழெட்டு அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவரோடு வந்த அவருடைய பெரியம்மாவை மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவர் பலகையைப் படித்தார். படத்தைப் பார்த்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அண்ணனா? எப்படிப்பட்டவர் உங்க தம்பி?"

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"லிஃப்ட் மெக்கானிக் சார். நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கறதுதான் அவன் வேலை. முப்பது வருஷத்துல ஒருத்தரையும் உள்ள விட்டுட்டு வீட்டுக்கு வந்ததில்ல."

"பொண்ணு மேல ரொம்பப் பாசமா?"

"அவ எதைக் கேட்டாலும் ஏன்னு கேட்க மாட்டான். கேமரா வேணும்னா. சரின்னான். இன்ஜினீயரிங் வேண்டாம்னா. அதுக்கும் சரின்னான். கொஞ்சம் அவசரப்பட்டுப் போயிட்டான், அவ்வளவுதான். அவனுக்கே அது தெரியாது."

நடுவருக்குத் தாடி நனைந்துவிட்டது. அங்கேயே, அப்போதே, எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்றார். நின்றார்கள். அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தனக்காக மௌனம் காத்தார். நடுவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மௌனம் நீண்டுகொண்டே போனதால், "நிமிஷம் ஆயிடுச்சு சார்," என்று அவரேதான் முடித்தும் வைத்தார்.

நடுவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"என் அம்மா போன பிறகுதான் என் தூரிகை பேச ஆரம்பித்தது. இழந்தவனுக்குத்தான் கலை கைகூடும். இந்தப் பெண்ணின் படத்தில் நான் என் அம்மாவைப் பார்த்தேன். முதல் பரிசு இந்த நாற்காலிக்கு! மறைந்த அந்தத் தந்தையின் சார்பாக, அவருடைய அண்ணன் மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளட்டும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைப் படியில் கால் வைத்தவர் திரும்பி மகளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது, கண்தான் சிரிக்கவில்லை. மகள் வாங்கும் முதல் பரிசு. அதை அப்பாவாகக் கைநீட்டி வாங்க அந்த மனுஷருக்கு வழியில்லை.

அவ்வளவுதான். பிளாஷால் தாங்க முடியவில்லை. பரிசு போனால் போகட்டும், கல்லூரியே சிரித்தால் சிரிக்கட்டும் என்று விறுவிறுவென்று மேடையை நோக்கி நடந்தாள். முன்வரிசையைத் தாண்டும்போது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. நடுவரின் பெரியம்மா. தூக்கம் கலைந்து, முழுசாக விழித்திருந்தார்.

"எங்கம்மா ஓடறே?"

"விடுங்கம்மா. அவர் எனக்குப் பெரியப்பா இல்ல, அப்பா. நான்தான் பொய் எழுதிட்டேன். மைக்ல சொல்லப் போறேன்."

அந்த அம்மாள் பதறவில்லை. மேடையில் தாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நடுவரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டார்.

"உக்காரும்மா, உங்க அப்பாவுக்குப் போகப் போகப் பழகிடும். இவனைப் பெத்த நானே இருபத்தெட்டு வருஷமா பெரியம்மாவாத்தான் உக்காந்திருக்கேன்."