நிறுவனர் நாளும் நிற்காத சுருதியும்

எல்ம் ரிவர், மினசோட்டா
மார்ச் 9

கல்லூரி அறங்காவலர் திருமதி சிக்ரிட் ஹோவ்லண்டு அவர்களின் மேலான சமூகத்திற்கு, இசையரங்கக் காப்பாளனும் தங்கள் உடன்பிறந்த தம்பியுமான ஆர்விட் டோலெஃப்சன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழல் ஆர்கனும் நலம். தங்கள் புது முழங்கால் நலமா? மருத்துவர் சொன்னபடி நடக்கிறீர்களா, அல்லது வழக்கம்போல் அவருக்கே நடக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?

அக்கா, இதற்கு மேல் மரியாதையாக எழுதினால் எனக்கு மூச்சு முட்டும். விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனர் நாளில் ஆர்கன் ஒழுங்காக வாசித்தால் இருக்கும், தகராறு செய்தால் அதைப் பிரித்தெடுத்துவிட்டு ஒலிபெருக்கி வைத்த மின்பெட்டியைக் கொண்டுவருவோம் என்று உங்கள் குழு சொன்னதல்லவா? ஞாயிறு மதியம் கச்சேரி முடிந்ததும் ஓட்டெடுத்தார்கள். போகட்டும் என்று நாலு பேர், இருக்கட்டும் என்று நாலு பேர். ஒன்பதாவது ஓட்டு உன்னுடையது. படுத்தபடியே தபாலில் அனுப்பலாமாம், திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டுமாம். மற்றவர்கள் கண்டபடி சொல்வதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் குற்றவாளியைச் சொல்கிறேன். கொதிகலன் பார்க்கும் டுவேன் பிரெக்கே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போனதும் அரங்கத்தின் சூட்டைக் குறைத்துவிட்டான். மனிதர்கள் இல்லாவிட்டாலும் உள்ளே ஆர்கன் இருக்கிறது, குளிர்ந்து சூடானால் இரண்டாயிரத்து அறுநூறு குழல்களும் ஆளுக்கொரு சுருதி பேசும், காற்றை அடைத்து வைக்கிற தோல் காய்ந்து வெடிக்கும் என்று இருபது வருஷமாகச் சொல்கிறேன். "ஏன் ஆர்விட், அது உங்கிட்ட கோட்டு கேட்டுச்சா?" என்கிறான். நானோ ஜனவரி முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து குழல் அறைக்குள் வைத்து, காற்று ஈரமாக இருக்கப் பாடுபட்டேன், அதில் ஒரு வாளியில் என் காலே மாட்டிக்கொண்டது, அது தனிக் கதை.

சனிக்கிழமை சுருதி சேர்க்க வெர்னன் ஸ்கார் வந்தான். அவன் குழல்களுக்கு நடுவில் ஏணி போட்டு ஏறிவிடுவான். வெளியே ஒருவர் உட்கார்ந்து கட்டையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது நான். "அடுத்தது" என்று உள்ளிருந்து குரல் வரும், அடுத்ததை அமுக்குவேன். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை இதே ஒரு வார்த்தைதான், என் கல்யாணத்தில்கூட இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை. யாரும் காகிதம் கசக்கக்கூட அனுமதி கிடையாது. எல்லாக் குழலும் கண்ணாடி மாதிரி பேசிற்று.

ஞாயிறன்று நம் ஆர்கன்காரி லோர்னா விக் வாசிக்க உட்கார்ந்தாள். அடித்தொனிக்கான குமிழை இழுத்தாளோ இல்லையோ, காலால் மிதிக்கிற கட்டைகளில் அவள் கால் படாமலேயே ஆகக் கீழே உள்ள சுருதி கிளம்பிவிட்டது. தரை அதிர்ந்தது. கல்லூரித் தலைவரின் தண்ணீர்க் கோப்பை மேசையில் நடந்து போனது. குமிழைத் தள்ளினால் நின்றது, இழுத்தால் வந்தது.

"ஆர்விட், என்ன இது?" என்று லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"டுவேன்" என்றேன்.

"ஆள் பேரா கேட்டேன்? நிறுத்த வழி கேட்டேன்."

எந்தக் குழல் தெரியுமா, அக்கா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ஆர்கன் மூன்று ரயில் பெட்டி நிறைய வந்து இறங்கியபோது, ஊரே பனியில் தோளில் சுமந்து போனதே, அப்போது அப்பா மூன்று பேரோடு தூக்கிக்கொண்டு போய்த் தபால் நிலையத்து வாசலில் வழுக்கி விழுந்த அதே பெரிய மரக்குழல். அப்பாவுக்கு விலா எலும்பு போயிற்று, குழலுக்கு ஒரு மூலை. "குழலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் அப்பா முதலில் கேட்டாராம்.

லோர்னா நிறுத்தவில்லை. அந்த ஒரே சுருதியின் மேலேயே துதிப்பாட்டைக் கட்டி எழுப்பினாள். அடியில் பூமி முனகுகிறது, மேலே பாட்டு ஏறுகிறது, எந்நேரமும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எழுந்து பாடினார்கள். பால்பண்ணை நெல்ஸ் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் பக்கத்து நாலு ஓட்டு அங்கேதான் விழுந்தது. மற்ற நாலு பேருக்காக அம்டால் பேசினார்: "நிறுத்துன்னா நிறுத்தணும். எங்க வீட்டு நாய்கூட நிறுத்தும்." ஆகவே, அக்கா, கோளாறு டுவேன் வெடிக்கவிட்ட தோலில்தான். தோலை மாற்றிக்கொள்ளலாம், ஆர்கனை மாற்றாதே.

அத்தானுக்கும், உன் புது முட்டிக்கும், பழைய முட்டிக்கும் என் அன்பு. ஆண்டவர் உனக்கு நல்ல தூக்கத்தையும் சரியான ஓட்டையும் அருள்வாராக.

உன் தம்பி,
ஆர்விட்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை வெர்னன் தோலைப் பார்க்க வந்தான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு டார்ச்சோடு இருக்கைக்கு அடியில் குனிந்தான்.

"ஆர்விட், கண்ணுக்கு சொட்டு மருந்து விடுறியா?"

"ஆமா. யாரு சொன்னா?"

"டப்பா சொல்லுது."

கடைசிக் கால்கட்டையின் இடுக்கில் நாலாக மடித்த என் மருந்து அட்டைப் பெட்டி. சனிக்கிழமை அந்தக் கட்டையை வெகுநேரம் மிதித்துப் பிடிக்கச் சொன்னான், எனக்குக் காப்பி குடிக்க வேண்டியிருந்தது. கட்டை அமுங்கியே இருக்கட்டும் என்று அதைச் செருகிவிட்டுப் போனேன். வந்து எடுக்க மறந்தேன், குமிழைத் தள்ளிவிட்டதால் சத்தமும் வரவில்லை. லோர்னா உதைத்த உதையில் அது இன்னும் இறுகியிருக்கிறது.

"நான் எதையும் பாக்கல" என்று வெர்னன் அதை என் சட்டைப் பையில் போட்டான். என்னால் முடியவில்லை, அக்கா. டுவேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, குளிர் நெசமாவே நான்தான் வெச்சேன்" என்றான். காப்பாளர் சாவியை லோர்னாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று அந்த ஆர்கன் எந்தத் தவறும் செய்யவில்லை. மிதித்தால் பாடு என்று கட்டியிருக்கிறார்கள், மிதித்திருந்தது, பாடியது. ஓட்டை அதற்குப் போடு. அம்டால் கேட்டால் காட்டுவதற்கு டப்பாவை இத்துடன் வைத்திருக்கிறேன். என் முழுப் பெயரும் தேதியும் அதில் ஒட்டியிருக்கிறது.