காணிப்பாக்கம் குளத்தில் ஒரு அப்டேட்

பழுதான கம்ப்யூட்டரின் முன்னால் நிற்கிற மனிதன் சொல்லும் முதல் வாக்கியம் எந்த ஊரிலும் ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே பண்ணல." மிக்ஸி கெட்டுப்போனால் "தேங்காய் கொஞ்சம் அதிகமா போட்டுட்டேன்" என்று ஒத்துக்கொள்கிறவர்களும், ஸ்கூட்டரைச் சுவரில் மோதிவிட்டு "பிரேக்கை லேட்டா புடிச்சேன்" என்கிற உத்தமர்களும்கூட, கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் பச்சைக் குழந்தைகள் ஆகிவிடுகிறார்கள். அது தானாக நின்றது. தானாகக் கறுத்தது. பக்கத்தில் யாருமே இல்லை.

இந்த வாக்கியத்தை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன பாவத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், பேன்ட் சட்டையோடு, காணிப்பாக்கம் கோயில் குளத்தில் முங்கி எழுந்தேன். (சட்டைப் பையிலிருந்த செல்போனும் கூடவே முங்கியது. அது எழவில்லை.)

உலகச் சந்தைக்கு நாடு கதவைத் திறந்துவிட்ட பிறகு எங்கள் சித்தூர்ப் பக்கத்திலிருந்து முதலில் வெளிநாடு போனது கிளிமூக்கு மாம்பழம்தான். அதன் பின்னாலேயே பையன்கள் போனார்கள். பழம் கூழான பிறகு போனது. பையன்கள் போன பிறகு கூழானார்கள். பாஸ்போர்ட்டும் துணிச்சலும் இல்லாத நான், நகரிப் பக்கத்து ஊரிலிருந்து சித்தூர் வரைக்கும் மட்டும் புலம்பெயர்ந்து, ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு ஒரு பட்டமும் இருந்தது: கம்ப்யூட்டர் இன்சார்ஜ். ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றபோது, நான் ஒருவன்தான் துணியெடுத்து அதைத் துடைத்தேன். அதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அந்தத் துடைப்புக்கு முன்னால் எம்.ஏ. பட்டம்கூட நிற்காது என்று அப்போது நம்பினேன்.

கம்ப்யூட்டரை விற்ற சீனு திருப்பதிக்காரர். அதை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது மேனேஜர் நாயுடுவின் எதிரிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்: "அது என்னத்தையாவது போடட்டுமான்னு கேக்கும். வேணாம்னு அமுக்கணும். என்னைக் கேக்காம எதையும் போடக் கூடாது." நாயுடு என்னைப் பார்த்து, "வின்னாவா?" என்றார். கேட்டாயா என்று அர்த்தம். கேட்டேன்.

கேட்டதோடு சரி. அந்த வியாழக்கிழமை மதியம் ஆபீசில் யாரும் இல்லை. சாப்பிட்ட மயக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு மஞ்சள் குறி முளைத்து, புதிய அப்டேட் தயாராக இருக்கிறது, போடட்டுமா என்றது. எங்கள் வீட்டில்கூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்டதில்லை. 'சரி' என்று அமுக்கினேன். அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, திரும்ப எழுந்து, முன்பைவிடப் பளிச்சென்று நின்றது. நான்கைந்து நிமிஷம் என் திறமையை ரசித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

பிற்பகல் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் விஜயா. கங்காதர நெல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா (எங்கள் பக்கத்தில் நைனா) கூலி வேலைக்குப் போகிறவர், அண்ணன் குவைத்தில். மாதச் சம்பளம் என்கிற ஒன்றை அந்தக் குடும்பத்துக்குள் முதன்முதலில் கொண்டுபோனவள் அவள்தான். மறுநாள் சாயங்காலம் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னருக்காக, கூழ் அடைத்த டிரம்களின் பட்டியலை அடித்தாள். ஒவ்வொரு டிரம்முக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு நம்பர். பட்டியல் இல்லாமல் கன்டெய்னர் நகராது.

முடித்ததும் கேட்டாள்: "அண்ணா, ஆஃப் பண்ணிடட்டா?"

"சே சே, ஆஃப் எல்லாம் பழைய காலம். தூங்க வை. காலையில எழுப்பினா வுட்ட எடத்துல அப்படியே நிக்கும்."

"சேவ் பண்ணிட்டு?"

"அதுக்கே ஞாபகம் இருக்கும்மா." (இந்த வாக்கியத்தை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.)

வெள்ளிக்கிழமை காலை அது எழுந்திருக்கவில்லை. உள்ளே விசிறி ஓடியது, திரை மட்டும் கறுப்பு. மவுஸை ஆட்டினேன். கீபோர்டில் எல்லாக் கட்டையையும் தட்டினேன். கும்பகர்ணனை எழுப்ப யானைகளை நடக்கவிட்டார்களாம். எனக்கு அந்த வசதி இல்லாததால் மேஜையை உலுக்கினேன். அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றால் பட்டியல் போய்விடும். அணைக்கவும் கூடாது, எழுப்பவும் முடியாது.

சீனுவுக்கு போன் போட்டேன். நாயுடு என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"கொத்தகா ஏமன்னா வேசாரா?" என்றார் சீனு. புதிதாக ஏதாவது போட்டீர்களா?

அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்றைய மஞ்சள் குறி கண்முன்னால் வந்து நின்றது. "ஏமி லேதண்டி" என்றேன், ஒன்றும் இல்லைங்க என்று. தெலுங்கில் சொன்ன பொய், தமிழில் சொல்வதைவிடக் கொஞ்சம் சுலபமாகத்தான் வந்தது.

பத்தரை மணிக்குமேல் சீனு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வயரை மாற்றினார், திரையை மாற்றினார், கீபோர்டை மாற்றினார். கறுப்பு மட்டும் மாறவில்லை. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யாராவது பென் டிரைவ் சொருகினீங்களா? வைரஸ் வந்தா இப்படித்தான் படுத்துக்கும்" என்றார்.

இங்கேதான் நான் பேசினேன். பேசாமல் இருந்திருக்கலாம். "விஜயாகிட்ட ஒண்ணு இருக்குது" என்றேன். வெறும் தகவலாகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாயுடு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஆபீஸ் மெஷின்ல உன் பாட்டும் படமும் போட்டியா?"

"சார், நான் அத சொருகவே இல்ல சார். எங்க அண்ணன் போட்டோ கழுவி வாங்கணும்னு பையில எடுத்துக்கினு வந்தேன். பையிலயே இருக்குது."

"ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணல. மெஷினா தூக்கு போட்டுக்கிச்சு? சரி, நீ நாளையிலேர்ந்து வர வேணாம்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். (அழுதுவிட்டால் எனக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்கிறவன் என்ற இடம் காலியாக இருந்தது.) அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"காணிப்பாக்கம் வரேன் சார். குளத்துல முங்கிட்டு சாமி முன்னாடி நின்னு சொல்றேன். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். சித்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தகராறும் கடைசியாக வந்து நிற்கிற இடம் காணிப்பாக்கம் பிள்ளையார். குளத்தில் முங்கி, ஈரத்தோடு அவர் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் நன்றாக இருந்ததில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் பாதித் தகராறு பஸ் ஏறும் முன்பே முடிந்துவிடும். நாயுடு ஜீப் சாவியை எடுத்தார்.

"நேத்து மெஷினைத் தொட்டது ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஏறுங்க. சீனு, நீ இங்கயே இரு. அதை அணைச்சிடாதே."

நான் நிறையப் படித்தவன். கடவுள் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்துகள் இருந்தன. டீக்கடையில் அவற்றைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். ஜீப் சித்தூர் எல்லையைத் தாண்டியதும் அந்தக் கருத்துகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டன. அந்தப் பிள்ளையார் வேறு வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பார்கள். பழைய வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் போதவில்லையாம். இத்தனை அப்டேட்டுக்குப் பிறகும் ஒருநாளும் தூங்கிப்போகாதவர். அவர் முன்னால் போய் நான் என்ன சொல்வது?

குளத்துப் படியில் கூட்டம். மொட்டையடித்த ஒரு குடும்பம் வரிசையாக முங்கி எழுந்துகொண்டிருந்தது. விஜயா செருப்பைக் கழற்றினாள். கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என்னிடம் நீட்டினாள். பென் டிரைவ்.

"அண்ணா, இத கொஞ்சம் புடிங்க. நனைஞ்சிடப் போவுது. நைனா ரெண்டு வருசமா அண்ணன் மூஞ்சியப் பாக்கல."

அவள் இறங்கிப் போனாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுண்டு விரல் அளவுகூட இல்லை. அந்த ஆபீசில் என்மேல் துளி சந்தேகமும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். அதனால்தான், அவள்மேல் சாட்டிய குற்றத்துக்குச் சாட்சியான ஒரே பொருளையும் என்னிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். காலையிலிருந்து நானும் அந்த மெஷின் மாதிரிதான் இருந்தேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் ஒருமுறை முங்கி எழுவதற்குள் சொல்லிவிட்டேன். "சார், அப்டேட் நான்தான் போட்டேன்."

நாயுடு நிதானமாகத் திரும்பினார். "அப்டேட்டுன்னா ஏந்த்ரா?"

வாழ்க்கையிலேயே கஷ்டமான தொழில்நுட்பச் சொற்பொழிவை அந்தப் படிக்கட்டில் நிகழ்த்தினேன். மஞ்சள் குறி, 'போடட்டுமா' என்ற கேள்வி, என் 'சரி'. மொட்டைக் குடும்பம் குளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. தேங்காய் விற்கிற அம்மா பக்கத்துக் கடைக்காரியிடம், "இன்னாவாம்?" என்றாள். "ஏதோ கம்ப்யூட்டர் பாவமாம்" என்று பதில் வந்தது. "அதுக்கும் இங்கதானா வர்றாங்க!" என்று அந்த அம்மா பிள்ளையாருக்காகப் பரிதாபப்பட்டாள்.

"மேல நின்னு சொன்னா செல்லாது" என்றார் நாயுடு. "முங்கிட்டுச் சொல்லு."

பென் டிரைவை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். செல்போன் ஞாபகம் வந்தது தண்ணீருக்குள் போன பிறகுதான். எழுந்து, மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழிய, எல்லோர் காதிலும் விழும்படி இன்னொரு தரம் சொன்னேன். இரண்டு படி தள்ளி விஜயா நின்றிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "காலையிலயே சொல்லியிருக்கலாமில்லண்ணா" என்றாள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலாம்.

நாயுடுவின் போனில் சீனுவிடம் மூன்றாவது தரமாகச் சொன்னேன். "ஐயோ ராமா" என்றார் அவர். "அப்போ மெஷின் முழிச்சிக்கினுதான் இருக்குது. அந்த அப்டேட்டுல ஸ்கிரீனுக்குத்தான் கண்ணு போச்சு. இருங்க, கேப்ஸ் லாக் அமுக்கிப் பாக்கறேன்... லைட்டு எரியுது! இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் திருப்பதியிலேர்ந்தே வந்திருக்க வேணாம்."

ஈரத் துணியோடு ஆபீசுக்குத் திரும்பினோம். பிரச்சினை இன்னும் முடியவில்லை. திரையில் ஒன்றும் தெரியாமலேயே பாஸ்வேர்டு அடித்து உள்ளே போய், பட்டியலை சேவ் பண்ண வேண்டும். அப்புறம்தான் அணைத்து, அப்டேட்டைக் கழற்ற முடியும். சீனு இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவர். இன்சார்ஜ் ஒற்றை விரல்.

"நகருங்க" என்றாள் விஜயா. "டைப்பிங் இன்ஸ்டிடியூட்ல கட்டையப் பாத்தா ஸ்கேலால அடிப்பாங்க. நான் எப்பவும் எதையும் பாக்கறதில்ல."

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி அடித்தாள். பாஸ்வேர்டு, என்டர். சேவ், என்டர். மெஷினின் நெற்றியில் சின்ன விளக்கு நாலைந்து தரம் துடித்தது. "எழுதிக்குது" என்றார் சீனு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் குரலில். அணைத்து, திரும்ப எழுப்பி, நான் போட்டதைக் கழற்றினார். பட்டியல் ஒரு நம்பர் குறையாமல் இருந்தது. சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பியது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் இன்சார்ஜ் நாற்காலியில் விஜயா உட்கார்ந்தாள். என்னை எடைமேடைக்கு மாற்றினார்கள். மாங்காய் டிராக்டர்கள் ஏறி இறங்கும் இடம். அங்கே எதுவும் தூங்காது, எதுவும் அனுமதி கேட்காது. விஜயா சில வருஷம் கழித்து பெங்களூர் போனாள். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு போனில் வழி சொல்கிற ஒரு கம்பெனியில் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம், 'ஒண்ணும் பண்ணலன்னு சொன்னா நம்பாதே, ஆனா கோவப்படாதே' என்பதாம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது, குளத்துக் கதையை என் மனைவியிடம் ஒரு சொட்டு விடாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் எது உடைந்தாலும், நான் "ஒண்ணுமே பண்ணல" என்று ஆரம்பித்தால் போதும், மனைவி குரல் கொடுப்பாள்: "பக்கெட்ல தண்ணி ரொப்பட்டுமா?" மகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

அவள் இப்போது டப்ளினில் வேலை செய்கிறாள். போன வாரம் பதற்றமாக போன் பண்ணினாள். லேப்டாப் தூங்கியதாம், எழுந்திருக்கவில்லையாம். நாளைக்கு முக்கியமான மீட்டிங்காம்.

"என்னம்மா பண்ண?"

"நான் ஒண்ணுமே பண்ணல நைனா."

நான் கேட்டேன்: "பக்கெட்ல தண்ணி இருக்குதா?"

"இங்க பக்கெட்டே இல்ல நைனா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள்:

"நேத்து ஒரு அப்டேட் வந்துச்சு..."