நீலச் சீட்டுக் கொக்கி பற்றி அக்காவுக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். கடையில் பெரிய இஸ்திரிப் பெட்டி மட்டும் படுத்துவிட்டது. அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். அத்தானுக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மூத்த பிள்ளைக்கு உங்கள் ஊரில், செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் மாடி அறை காலியாக இருக்கிறது. இவ்வளவுதான் என்றால் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன தடவை நான் பேச்சை எடுத்ததுமே, "முதல்ல அங்கே நடக்கறது ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் பேசு" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். உங்கள் காதில் யார் என்ன ஓதினார்களோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையிடம் கேட்டால், "அத்தைகிட்ட நீங்களே கேளுங்க. போன்ல உளறிடுவீங்க, எழுதிக் கேளுங்க" என்கிறது. அதனால் நடந்தது அத்தனையும் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டவும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நான் பையன் இல்ல. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்தே இல்ல. நான் உங்க பொண்ணு" என்றது. உங்கள் தம்பி பெண்டாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவினாள். அவளுக்கு முன்னமே தெரியும் போலிருக்கிறது. இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தகப்பன் பேச வேண்டியதைப் பேசாமல், "அப்போ இனிமே உன் துணிக்கு எந்தச் சீட்டு குத்தறது?" என்று கேட்டேன். தொழில் புத்தி, அக்கா. நம் சலவைக் கடையில் ஆண்கள் துணிக்கு வெள்ளைச் சீட்டு, பெண்கள் துணிக்கு மஞ்சள் சீட்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு வெளியே எனக்கு உலகம் தெரியாது.

ஏற்கெனவே கடையில் இந்தச் சீட்டு விஷயத்தில் என்னைக் குழப்பும் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். யார் துணி யாருடையது என்று சொல்வது தொழில் தர்மம் இல்லை என்பதால் பெயர் எழுதவில்லை. ஒருவர் பகலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சனிக்கிழமை மாலை ஹோட்டல் அரங்கில் ஜிகினா கவுனும் முழ நீள இமையும் வைத்துக்கொண்டு ‘மகாராணி’ என்ற பட்டத்தில் பாடி, ஆடி, முன் வரிசைக்காரர்களைக் கேலி செய்து கைதட்டல் வாங்குபவர். இன்னொருவர் கணக்கு வாத்தியார். விடுமுறை நாளில் வீட்டுக்குள் பருத்திப் பாவாடை கட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அவர் மனைவிதான் அதைத் துவைக்கக் கொண்டுவருவார், நீலம் அதிகம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். நான் யோசித்தேன். அட, நம் வீட்டு விஷயமும் இதுதானே, மூன்றும் ஒரே வகைச் சரக்குதானே என்று முடிவுகட்டி, மறுநாளே நீல அட்டை வாங்கிச் சீட்டு வெட்டி, மூன்று பேர் துணியையும் ஜன்னலோரக் கொக்கி ஒன்றில் சேர்த்து மாட்டிவிட்டேன். பிள்ளை இங்கே ஒரு பல் கூடத்தில் வேலை பழகப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டையும்தான். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு என்று எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நானே பைகளைக் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாச் சீட்டும் நீலம், எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஜிகினா கவுன் வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது. வாத்தியாரின் பழுப்புப் பாவாடையும் பிள்ளையின் வெள்ளைக் கோட்டும் ஹோட்டலுக்குப் போய்விட்டன. மகாராணிக்கு மேடை ஏற நேரமாகிவிட்டது, போட வேறு கவுன் இல்லை. பாவாடையைக் கட்டி, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, பல் பிடுங்கும் டாக்டரம்மாவாக ஏறி, முன் வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதரின் வாயைத் திறக்கச் சொல்லியே முழு நேரத்தையும் ஓட்டிவிட்டாராம். அரங்கமே சிரித்ததாம். வாத்தியார் வீட்டிலோ யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்துவிட்டார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பிள்ளையும் அப்போது கோட்டைத் தேடிக்கொண்டு உள்ளே நின்றிருந்தது. மகாராணி பாவாடையையும் கோட்டையும் கல்லா மேல் போட்டார். வாத்தியார் கவுனை அதன் பக்கத்தில் வைத்து, "நான் அடக்கமான ஆளு சார். இதைப் போட்டுக்கிட்டு எப்படிப் பேப்பர் படிக்கிறது? உட்கார்ந்தா குத்துது" என்றார்.

"போட்டுப் பார்த்தீங்களா?" என்றார் மகாராணி.

"ஒரு தடவை" என்றார் வாத்தியார்.

எதற்கு மூன்றையும் ஒன்றாக மாட்டினேன் என்று பெருமையாக விளக்கினேன், அக்கா. அவ்வளவுதான், என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். "அண்ணே, எனக்கு இது தொழில். நாலு பேர் பார்க்கலைன்னா நான் எதுக்கு இமை ஒட்டப்போறேன்?" என்று மகாராணி கேட்க, "எனக்கு நாலு பேர் பார்த்தா தூக்கம் போயிடும். கட்டினா மனசு லேசா இருக்கு, கட்டறேன். அதுக்காக நான் பொம்பளைன்னு என்னைக்காவது சொன்னேனா? என் பெண்டாட்டிக்கு நான் புருஷன், பசங்களுக்கு சார்" என்று வாத்தியார் சொன்னார். பிறகு மகாராணி என்னைப் பார்த்து, "மூஞ்சியைக் கழுவினா மகாராணி போயிடுவா, இன்சூரன்ஸ்காரன்தான் மிச்சம். உங்க பொண்ணு மூஞ்சியைக் கழுவினா யாரு மிச்சம்?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அதே பழைய ஜீன்ஸ், அதே தொளதொள சட்டை, நகத்திலே பல் அச்சு எடுக்கிற மாவு. ஜிகினாவும் இல்லை, பாவாடையும் இல்லை. இத்தனை நாளும் என்னமோ பெரிய உடுப்பு மாற்றம் வரப்போகுதுன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன், அங்கே ஒண்ணுமே மாறலை. "பொண்ணுதான்" என்றேன். ஆனா அதுக்குள்ள அவ கோட்டிலே குத்தியிருந்த நீலச் சீட்டைப் பிடுங்கிக் கல்லா மேல வெச்சுட்டு, "இனிமே என் கோட்டை நானே துவைச்சுக்கறேன்பா" என்று சொல்லிட்டுப் போயிட்டா.

அக்கா, சலவைக்கடைக்காரன் மகள் கொல்லைக் குழாயடியிலே தன் துணியைத் தானே கசக்குறா. இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன தண்டனை வேணும்? காலரைத் தேய்க்கவும் தெரியலை அவளுக்கு. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு நிக்கிறேன், போய்ச் சொல்லவும் வாய் வரலை. நீலச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. இப்போ சீட்டிலே வாடிக்கையாளர் பேரை மட்டும்தான் எழுதறேன், ஒரு குழப்பமும் இல்லை. இதை முதல்லேயே செஞ்சிருக்கலாம்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். என் மகள் அங்கே வருவா. அவ வேஷம் போடலை, மேடை ஏறலை, வேடிக்கைக்கும் செய்யலை. அவ பொண்ணு, அவ்வளவுதான். கதவைத் திறந்து வாம்மான்னு சொல்லுங்க. அவ என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்லை, உங்க வீட்டிலேயாவது அவ நிம்மதியா சாப்பிடட்டும்.

உங்கள் ஆசியை என்றும் நாடும்,
தம்பி

பின்குறிப்பு: இதை எழுதிக் கல்லா மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பினால் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் "ஒரு தடவை" என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "அப்பா, பக்கம் பக்கமா உடுப்பைப் பத்தியே எழுதியிருக்கீங்க. அன்னைக்குச் சாப்பிடறப்போ நான் உடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா?" என்றாள். சொல்லவில்லைதான். அதன் பிறகுதான் இடி இறங்கியது. மாடி அறைச் சாவியை நீங்கள் போன மாதமே தபாலில் அனுப்பிவிட்டீர்களாம். போன் பேசும்போதெல்லாம் மருமகளே, மருமகளே என்றுதான் கூப்பிடுகிறீர்களாம். முடிவுக்கு வர வேண்டியது நான்தானாம். ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். "அத்தைதான் சொல்லக் கூடாதுன்னாங்க. உங்கப்பன் தன் கையால மகள்னு எழுதிக் கேக்கட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னாங்க" என்றாள். எழுதினேனா இல்லையா என்று பயந்துபோய் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஆரம்பத்திலே பிள்ளை, பிள்ளைன்னு வழுக்கிக்கிட்டே போயிருக்கேன். கடைசிப் பக்கத்திலே இருக்கு, அக்கா. எப்போ எழுதினேன்னு எனக்கே தெரியலை. ஆகவே மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தையும் ரத்து செய்துவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும்.