வேன் அங்கிளுக்குச் செய்த பாத பூஜை

பதினேழு வயதில் என் சொந்த அப்பாவின் பாதம் எது, அடுத்தவர் பாதம் எது என்று எனக்கு அடையாளம் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருநூறு பேர் கூடிய மண்டபத்தில் அது ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதால், இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்போது நான் ஐந்தாம் படிவம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டிய வருடம். எங்கள் வீடு மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே பழக்குலை வெட்டுபவர். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கு அட்டவணை போடும் வேலை. அந்த வருடம் மட்டும் பதினொரு படிப்பு அட்டவணை போட்டேன். வரலாற்றுக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம், ஓய்வுக்குப் பச்சை. (பச்சைப் பேனாதான் முதலில் தீர்ந்தது.) சுவர் முழுக்க 'உன்னால் முடியும்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதை நம்பி அந்த வீட்டில் சுறுசுறுப்பாக இருந்தது ஒரு பல்லி மட்டும்தான்.

டிரையல் தேர்வில் வரலாறு போய்விட்டது. எஸ்.பி.எம்.மில் வரலாறு தோற்றால், மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் அப்பா குலை வெட்டும் மரத்தடியில் நான் உதிரிப் பழம் பொறுக்க வேண்டியதுதான். அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததால் பயம் இன்னும் அதிகமாக இருந்தது. அந்தப் பயத்தில் நான் என்ன செய்தேன்? மதிப்பெண் சிலிப்பில் அவர் கையெழுத்தை நானே போட்டேன். சனிக்கிழமை டியூஷனுக்கு வேனில் போய் இறங்கி, வேன் கண்ணுக்கு மறைந்ததும் பக்கத்துப் பேரங்காடிக்குள் நுழைந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இப்படி ஏழு வாரம்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்களுக்கெல்லாம் தன்முனைப்பு முகாம், அதாவது மோட்டிவேஷன் முகாம், வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தன்முனைப்பு முகாம் என்றால் பிள்ளைகளை அழ வைக்க வேண்டும். அழாமல் வீடு திரும்பினால் முகாம் சரியில்லை என்று அர்த்தம். முடிவில் பெற்றோருக்குப் பாத பூஜை நடக்கும். அம்மாவுக்கு அன்று ஷிப்ட். அப்பா அரை நாள் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பேச்சாளர் கோட்டுப் போட்ட ஒல்லியான மனிதர். எங்களைத் தரையில் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காலி நாற்காலி போட்டு, விளக்கை அணைத்துப் புல்லாங்குழல் இசையை ஓடவிட்டார்.

"கண்ண மூடுங்க. ஒங்கள நம்பி ரெண்டு காலு தெனம் தேஞ்சிக்கிட்டிருக்கு" என்றார்.

ஐந்தே நிமிடத்தில், ஆசிரியர்களையே அழ வைக்கும் எங்கள் வகுப்பு முரடன் விம்ம ஆரம்பித்தான். அந்தத் திறமையை நான் இன்றும் வாய் பிளந்து வியக்கிறேன். எனக்கும் மூக்கிலும் கண்ணிலும் ஒன்றாக ஒழுகியது.

"இப்ப கண்ணத் தொறங்க. தலைய நிமிர்த்தாதீங்க. பாதத்த மட்டும் பாருங்க."

என் முன்னால் இரண்டு பாதங்கள் இருந்தன. அப்பா வந்துவிட்டார் என்றதும் மிச்சமிருந்த அழுகையும் வந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துடைத்து, குங்குமம் வைத்து, பூப் போட்டு, அந்தப் பாதங்களில் நெற்றியைப் பதித்து எல்லாவற்றையும் கொட்டினேன். தோற்றுப்போன வரலாறு, கள்ளக் கையெழுத்து, பதினொரு அட்டவணை, எதையும் விடவில்லை.

"டியூஷனுக்கே போகலப்பா. ஏழு வாரமா ஐஸ்கிரீம் சாப்பிடப் போனேன்."

மேலேயிருந்து ஒரு தயங்கிய குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்மா. நாந்தானே எறக்கி விடறேன். யூ டேர்ன் போட்டு அந்தப் பக்கமாத்தானே திரும்பி வரணும்."

நிமிர்ந்தேன். வேன் அங்கிள்.

எங்களைத் திரும்ப ஏற்றிப்போக வந்த இடத்தில் கழிவறை தேடி உள்ளே வந்திருக்கிறார் மனிதர். வாசலில் நின்ற தொண்டூழியப் பெண் ஒருத்தி "அப்பாவா, வாங்க" என்று இழுத்து வந்து, அவர் வாய் திறக்கும் முன் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டி உட்கார வைத்துவிட்டாள்.

"ரெண்டு தடவ எந்திரிக்கப் பாத்தேன்லா. நீ காலப் புடிச்சிக்கிட்டே" என்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. (அழுகையாலா, அடக்கிக்கொண்டு இருந்ததாலா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.)

அவருக்குப் பின்னால், தோட்டத்து பூட்ஸோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எப்பப்பா வந்தீங்க?"

"கையெழுத்துக்கிட்ட வந்தேன்."

அதற்குள் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். மண்டபமே எங்களைப் பார்த்தது. வேன் அங்கிள் எழுந்து, "ஒக்காருங்கண்ணே, தண்ணி இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கழிவறைப் பக்கம் போனார்.

அப்பா உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை. "வேணாம்மா, காலு நல்லா இல்ல."

நானே கழற்றினேன். வலது பெருவிரலில் நகம் இல்லை. குதிகால் வெடித்திருந்தது. தோலுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். எடுக்க முடியாமல் உள்ளேயே தங்கிப்போன செம்பனை முட்கள். மழைத் தண்ணீர் இறங்கிய பூட்ஸுக்குள் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. தினமும் எங்கள் வீட்டுக்குள் நடந்த பாதங்கள் இவை. நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. வேன் அங்கிளுக்கு வாளிக் கணக்கில் அழுதவளுக்கு இப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிரமிப்பாக இருந்தது. இந்தப் பாதங்களை வைத்துக்கொண்டு இவர் எப்படித் தினமும் எழுந்து போகிறார்? காய்ச்சலிலும் போயிருக்கிறார். அவருக்காக யாரும் புல்லாங்குழல் வாசித்ததில்லை.

"ஒங்களுக்கு யாருப்பா தன்முனைப்புக் குடுக்கறா?" என்று கேட்டேன். (முகாம் மயக்கம் முழுதாகத் தெளியவில்லை.)

அப்பா நிஜமாகவே யோசித்தார்.

"அஞ்சரைக்கு டிராக்டர் வந்து ஹாரன் அடிப்பான்லா. போகலன்னா விட்டுட்டுப் போயிருவான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. வீட்டுக்குப் போகும்போது மட்டும், "இனிமே கையெழுத்த எங்கிட்டயே கேளு. நீ போட்டா அழகா இருக்கும், டீச்சர் கண்டுபுடிச்சிருவாங்க" என்றார்.

மறுநாள் ஹாரன் அடித்தபோது நானும் எழுந்தேன். பன்னிரண்டாவது அட்டவணை போடவில்லை. அப்பா பூட்ஸ் மாட்டுவதைப் பார்த்துவிட்டு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தேன். ஆறு வாரமும் அப்படித்தான். சனிக்கிழமைகளில் வேன் அங்கிள் யூ டேர்ன் போட்டு வந்து, நான் டியூஷன் மாடிப்படி ஏறி முடிக்கும்வரை எதிரே வேனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வரலாற்றில் சி பிளஸ் வந்தது. உலகம் அதிரவில்லை, ஆனால் சான்றிதழ் கைக்கு வந்தது. அப்பா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது திருட்டு முழி முழித்தால் அம்மா கேட்பது ஒன்றுதான்: "என்ன, வேன் அங்கிளக் கூப்பிடவா?"

என் கல்யாணத்தில் பெற்றோருக்குப் பாத பூஜை செய்யச் சொன்னார் ஐயர். அப்பா நாற்காலியில் உட்காராமல், முன்வரிசையில் இருந்த வேன் அங்கிளைப் பார்த்து, "தம்பி, மொதல்ல ஒங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டார். கதை தெரிந்த பாதி மண்டபம் சிரித்தது. வேன் அங்கிள் செருப்பைக் கழற்றியே விட்டார்.

நான் தலையைக் குனிந்தபடி செம்பை எடுத்தேன். என் முன்னால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. இந்த முறை யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது பெருவிரலில் நகம் இல்லை.