பதினொரு நிபந்தனைகளும் ஒரு தெருவும்

கெய்ரோ, ஆகஸ்ட் 27

மரியாதைக்குரிய மைத்துனர் ஹாஜி முத்வல்லி அவர்களுக்கு, உங்கள் தங்கை சுஹைரின் கணவன் ஹிஷ்மத் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கவும், உங்கள் விதைக்கடையில் வியாபாரம் செழிக்கவும், உங்கள் இரத்த அழுத்தம் இந்தக் கடிதம் முடியும் வரையிலாவது இறைவன் அருளால் ஒரே நிலையில் நிற்கவும் வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் என்னை மூன்றாவது வாக்கியம் வரை விட்டதில்லை. கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது. அதனால்தான் விடுப்பில் நம் ஊர் தமன்ஹூருக்கு வரும் என் சக ஊழியர் வஹீத் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

என்னை இந்த ஊர் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றி நான்கு மாதங்கள் ஆகின்றன. சுஹைரும் மூன்று பிள்ளைகளும் உங்கள் வீட்டில். நான் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டு பேரோடு ஓர் அறையில். மாதம் ஒருமுறை வந்து போகிறேன். போன மாதம் வந்தபோது சின்னவள் நதா கதவைத் திறந்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, விருந்தாளி வந்திருக்காரு" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பும்போது சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நீங்கள் பதினொரு நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில் செருகினீர்கள். "செப்டம்பர் பத்துக்குள்ள ஒழுங்கான தெருவா ஒண்ணு கண்டுபிடி ஹிஷ்மத். இல்லேன்னா பிள்ளைங்களை இந்த வருஷம் இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன். ரெண்டு கோடிப் பேரு குடியிருக்கற ஊருல உனக்கு ஒரு வீடு கிடைக்கலேன்னா, தப்பு ஊரு மேல இல்ல" என்றீர்கள்.

அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், பள்ளிவாசல் பாங்கொலி காதுக்கு எட்ட வேண்டும், ஆனால் தலையணைக்குள் நுழையக் கூடாது, கீழே காப்பிக்கடை கூடாது, மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர் கூடாது, அக்கம்பக்கத்தில் கண்ணியமான குடும்பங்கள் வேண்டும், இப்படியே பதினொன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் அந்தத் தாளோடு கிளம்பினேன். முதலில் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்து மயங்கிய பாலைவனப் புதுநகரத்துக்குப் போனேன். நீங்கள் சொன்னது உண்மைதான், காற்று அருமை. காற்றைத் தவிர அங்கே வேறு எதுவும் இன்னும் வரவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் ரொட்டிக்கடை எங்கே என்று கேட்டேன். "வரும்" என்றார். பள்ளிக்கூடம்? "அதுவும் வரும்." பேருந்து எத்தனை மணிக்கு? "இப்ப நீங்க வந்தீங்களே, அதான் பேருந்து" என்றார். வேலைக்குப் போக இரண்டரை மணி நேரம், திரும்பி வர இரண்டரை மணி நேரம். தூங்குகிற பிள்ளைகளை மட்டும் பார்ப்பதற்கு எனக்குத் தமன்ஹூரே போதும்.

பிறகு ஹம்தி என்ற தரகரைப் பிடித்தேன், அல்லது அவர் என்னைப் பிடித்தார். அவர் காட்டிய முதல் வீடு மரநிழல் விழும் அகலமான தெருவில் இருந்தது. வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, "நாங்க குடும்பத்துக்குத்தான் விடுவோம், தனி ஆளுக்கு விடறதில்ல" என்றார். எனக்கு மூன்று பிள்ளைகள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "குடும்பம்னு சொன்னேன். பிள்ளைங்கன்னு சொல்லலயே" என்றார். அடுத்த வீட்டுக்கு வாடகை சரி, பள்ளிக்கூடம் சரி, புறா இல்லை, காப்பிக்கடையும் இல்லை. கீழே கார் ஹாரன் பழுதுபார்க்கும் கடை மட்டும் இருந்தது. பழுது சரியாகிவிட்டதா என்பதை அழுத்திப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள முடியும். ஹம்தி என் காதருகே வந்து, "பகல்ல மட்டும்தான் சார், அதுவும் சரியாகாத ஹாரன் சத்தமே போடாது" என்று கத்தினார். இப்படி ஒன்பது வீடுகள். ஒவ்வொரு முறையும் படி இறங்கி வரும்போது, குறை ஊரிலா என்னிலா என்று உங்கள் குரலிலேயே என்னை நான் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை இந்த ஊரின் ஷுப்ரா பகுதியில் ஒரு குறுகிய தெருவுக்கு வீடு பார்க்கப் போனேன். வருகிறேன் என்று சொன்ன ஹம்தி வரவில்லை. நல்ல வெயில், காலையில் எதுவும் சாப்பிடவில்லை, இஸ்திரிக் கடைப் படியில் சற்று உட்காரலாம் என்று குனிந்தேன். குனிந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஒரு நாற்காலியில் இருந்தேன், தலையில் ஈரத்துண்டு, கையில் கரும்புச்சாறு. முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஓர் அம்மாள் இஸ்திரிக்காரரிடம், "சாபிர், அந்த மனுஷனை நிழலுக்கு இழு. மூஞ்சி எலுமிச்சம்பழம் மாதிரி கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயர் மேடம் ஒடெத். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்புச்சாறு பாதி இறங்குவதற்குள் அவர் என்னிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"தமன்ஹூர்."

"பொண்டாட்டி அங்க, நீங்க இங்க. சரியா?"

"எப்படித் தெரியும் மேடம்?"

"காலர் பாதிதான் தேச்சிருக்கு. பிள்ளைங்க எத்தன?"

மூன்று என்றேன். நதா என்னை விருந்தாளி என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சாபிர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு கணம் தரையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுப் படியில் ஒரு தகராறு கிளம்பியது. ஹனீன் என்று ஆறு வயதுச் சிறுமி. அவள் அம்மா செவிலியர், வேலை முடிந்து மூன்று மணிக்குத்தான் வருவார். பிள்ளை சாப்பாடு வேண்டாம் என்கிறாள். "உங்க வீட்டுல சாப்ட்டாளா?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்கிறார். "ரெண்டு கரண்டி முலூகியாக் கீரைதான் குடுத்தேன், அது ஒரு சாப்பாடா?" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெண். "நான் இவளுக்காக முட்டை பொரிச்சு வெச்சிருக்கேன். கேக்காம நீங்க எப்படிக் குடுக்கலாம்?" மேலேயிருந்து மேடம் ஒடெத் தீர்ப்புச் சொன்னார்: "முட்டையை அந்த எலுமிச்சம்பழத்துக்குக் குடுங்க." நான்தான் சாப்பிட்டேன். எனக்காக மூட்டிய அடுப்பு இல்லைதான், ஆனாலும் இந்த ஊரில் நான்கு மாதங்களில் நான் சுடச்சுடச் சாப்பிட்ட முதல் வீட்டுச் சாப்பாடு அதுதான்.

மைத்துனரே, அங்கே உட்கார்ந்து உங்கள் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றும் வீட்டைப் பற்றியவை. சுவர், படி, சத்தம், வாடகை. தெருவில் ஒரு பிள்ளை சாப்பிட்டதா என்று கவலைப்பட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களும் எழுதவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுஹைரும் இங்கே தையல் வேலைக்குப் போவாள். அவள் திரும்ப ஒரு மணி நேரம் தாமதமானால் நதாவை யார் பார்ப்பார்கள் என்பதுதானே நாம் இருவருமே பயந்த விஷயம். ஆகவே பார்க்க வந்த வீட்டை அன்றே ஏறிப் பார்த்து, எடுத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். மறைக்கவில்லை: ஐந்தாவது மாடி, மின்தூக்கி இல்லை. அறை இரண்டு. சமையலறையில் ஒரு நேரத்தில் ஒன்று கதவு திறக்கும், அல்லது குளிர்சாதனப் பெட்டி திறக்கும். மொட்டை மாடியில் புறாக்களும் உண்டு. உங்கள் பதினொன்றில் நான்குதான் தேறுகிறது. சுஹைரிடம் "கொஞ்சம் மேலே" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை லாரியில் சாமான்களை ஏற்றி அனுப்பினால், உங்கள் கையைப் பிடித்து முத்தமிடுவேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒருமுறை நான் பின்வாங்கப் போவதில்லை. இதை இருபது வருடத்தில் முதல் முறையாக உங்களிடம் சொல்கிறேன், அதுவும் நூற்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நின்று.

அண்ணிக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளின் நெற்றிக்கு என் முத்தத்தையும், கடைப் பூனைக்கு என் விசாரிப்பையும் சேர்ப்பியுங்கள். இறைவன் உங்கள் நிழலை எங்கள் மேல் நீட்டித்து வைப்பானாக.

என்றும் பணிவுள்ள,
ஹிஷ்மத்

பின்குறிப்பு: ஷுப்ராவுக்கு லாரி அனுப்ப வேண்டாம். முன்பணம் கொடுக்க இன்று மாலை போனேன். தெருமுனையிலேயே சாபிர் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். வீடு கிடைத்ததற்காக என்று நினைத்து நன்றி சொன்னேன். மேடம் ஒடெத் பால்கனியிலிருந்து, "அந்த வீடு வேணாம் தம்பி, வீட்டுக்காரர்கிட்ட நானே வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். திரைச்சீலை அளவு கேட்பதற்காக என்று என்னிடம் வாங்கிய சுஹைரின் எண்ணில் அவளோடு ஒரு மணி பத்து நிமிடம் பேசியிருக்கிறார். "மூணு மாசம் முழுகாம இருக்கற பொண்ணை அஞ்சு மாடி ஏத்தப் பாக்கறீங்களே" என்றார். நான் நான்காவது முறையாகத் தந்தையாகப் போகிறேன் என்பது ஷுப்ராவில் ஒரு தெரு முழுவதற்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. நான் ஏற்கனவே திண்டாடுகிறேன் என்று சுஹைர் என்னிடம் சொல்லாமல் இருந்தாளாம். அயின் ஷம்ஸ் பகுதியில் மேடத்தின் தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் தரைத்தளம் காலியாம், மூன்று அறையாம், வாடகை உங்கள் மூன்றில் ஒரு பங்குக்குள்தானாம். நான் பார்க்கவே இல்லை, எனக்குப் பிடிக்கும் என்று மேடமும் சுஹைரும் முடிவு செய்துவிட்டார்கள். "நான் இந்தத் தெருவுக்காகத்தானே மேடம் வந்தேன்" என்றேன். "தெரு எங்கயும் ஓடிடாது. வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைங்களோட சாப்பிட வாங்க. இப்ப பொண்டாட்டிக்கு போன் போடுங்க. அவ சொல்லும்போது தெரியாத மாதிரி கேளுங்க" என்றார். இஸ்திரிக் கடைப் படியில் உட்கார்ந்து போன் போட்டேன். அவள் சொன்னாள். தெரியாத மாதிரி கேட்க எனக்கு வரவில்லை. சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.