எலி ஊசியும் உன் குடும்பத்து மூக்கும்

அன்பு மச்சானுக்கு உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. எழுத்துகள் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடப்பதைப் பொறுத்துக்கொள். இப்போதுதான் எழுதப் படித்தேன். கொம்பும் காலும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் அக்காள் சுகம். நான் அவளைவிடச் சுகம்.

முழங்கால் வலிக்கு டாக்டர் ஒரு ஊசி எழுதிக்கொடுத்ததும், அது எலியிடமிருந்து வந்த சரக்கு, "போட்டா வால் முளைக்கும் மச்சான்" என்று நீ போனில் சிரித்ததும் நினைவிருக்கும். உனக்குச் சிரிப்பு, எனக்குத் தூக்கம் போயிற்று. ஊசி போடாவிட்டால் மாடிப்படி ஏற முடியாது, ஏறாவிட்டால் மேல்மாடியில் நடக்கும் எழுத்து வகுப்பு போய்விடும், போட்டுக்கொண்டாலோ வால். மாட்டேன் என்று கட்டிலோடு ஒட்டிக்கொண்டேன்.

புரத ஆராய்ச்சி செய்கிற மகள் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். திரையில் ஒரு நாடா முன்னும் பின்னும் மடிந்து மடிந்து, இரண்டு விரிப்பாகி, ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தது. "இது எலியோட புரதம்ப்பா, உங்க ஊசி மருந்துல இருக்கிறது." அடுத்தது கோழி, அதற்கடுத்தது பட்டுப்பூச்சி, கடைசியில் மனுஷன். எல்லாம் அதே மடிப்பு!

"அப்ப எலியும் நானும் ஒண்ணா?"

"மடிப்புதான் ஒண்ணு, வேலை வேற வேற. ஒண்ணு கிருமியைப் பிடிக்கும், ஒண்ணு தசைக்குள்ள நிக்கும். மாமா வீட்டு மூக்கு மாதிரி."

விளங்கிவிட்டது. அந்த மூக்கு உன் அப்பாவிடம் இருந்தது, அவர் தச்சர். உன் அக்காளிடம் இருக்கிறது, அவள் தையற்காரி. ஒரு வேலையும் செய்யாத உன்னிடமும் இருக்கிறது.

"உங்களுக்குள்ளயே இந்த மடிப்பு கோடிக்கணக்குல இருக்குப்பா. அதனால வால் வரும்னா எப்பவோ வந்திருக்கும்."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணை இறுக மூடி, உன் அக்காள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, ஊசி எனக்கா உங்களுக்கா?" என்று அவள் அலற, சுருக்கென்றது, முடிந்தது. மறுநாள் மாடிப்படி ஏறி முட்டியைத் தட்டிப் பார்த்தேன், வலி இல்லை. பின்பக்கம் தடவிப் பார்த்தேன், வாலும் இல்லை. மருந்து என்றால் இதுவல்லவா மருந்து!

உன் வீட்டில் எல்லாரும் ஏறி இறங்கி, நடந்து, நன்றாக இருக்க என் ஆசி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நர்ஸ் போன் செய்தார். "பெரியவரே, அன்னைக்குச் சோதனைக்கு ரத்தம்தான் எடுத்தோம். எல்லாம் நல்லாயிருக்கு. ஊசி போட வியாழக்கிழமை வாங்க." போனை வைத்த நொடியில் முட்டி மறுபடி வலிக்கத் தொடங்கிவிட்டது. வலிக்கட்டும், பயம் திரும்பி வரவில்லை. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே போட்டுக்கொண்டு, உள்ளே போனதா வெளியே வந்ததா என்று பார்த்து, அடுத்த வாரம் எழுதுகிறேன்.