மூன்று இடத்திலும் ஒரே கைரேகை

"உங்க மென்பொருளை மூணு இடத்துலேர்ந்தும் இறக்கிப் பார்த்தோம் ஐயா. ரெண்டு ஒண்ணா இருக்கு, ஒண்ணு மட்டும் வேறயா இருக்கு" என்றார் பள்ளிகள் கூட்டமைப்பின் எழுத்தர், தொலைபேசியில். "சாயங்காலத்துக்குள்ள மூணும் ஒண்ணாகலைன்னா பள்ளிக்கூடங்களுக்குச் சிபாரிசு பண்ற பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடச் சொல்லியிருக்காங்க."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிகளுக்குப் பாடவேளை அட்டவணை போட்டுத் தரும் அந்த மென்பொருளை இருபது வருடங்களுக்கு முன் வரி வரியாக எழுதியவர் அவர். திறந்ததும் முதல் திரையில் தெரிவது குடும்பப் பெயர். அதைக் கலப்படச் சரக்கு வரிசையில் நிறுத்துவதா?

"அம்மாடி" என்று மருமகளைக் கூப்பிட்டார். எழுதிய வரிகளை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, சொந்த இணையதளம், ஆப் கடை, தன்னார்வலர்கள் நடத்தும் இலவசக் களஞ்சியம் என்று மூன்று வழியாக வெளியே அனுப்புவது அவள் வேலை.

"ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் உண்டு மாமா. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிடும்."

"ஒரு புள்ளிக்கா?"

பெரியவர் நம்பவில்லை. கணினியில் இருந்த ஏதோ ஒரு கடிதத்தின் கடைசிப் புள்ளியை அழித்துப் பார்த்தார். எண் அடையாளம் தெரியாமல் மாறியது. புள்ளியைத் திரும்ப வைத்தார். பழைய எண் வந்து நின்றது. "கெட்டிக்காரப் பயல்" என்று எண்ணை மெச்சிக்கொண்டார்.

"மூணு இடத்துக்கும் தனித்தனியா புதுசா கட்டு. ஒரே வீட்டுல, ஒரே நாள்ல கட்டினா எப்படி மாறும்?"

கட்டினாள். இப்போது மூன்றும் மூன்று விதம்.

"முன்னாடி ரெண்டாச்சும் ஒண்ணா இருந்துச்சு" என்றாள் மருமகள்.

"ஏன்?" கோபத்தை ஆர்வம் முந்திக்கொண்டது.

"கட்டின நேரம் உள்ளே பதிஞ்சுடும். போன தடவை ஒண்ணு கட்டி ரெண்டு இடத்துல போட்டேன். நீங்கதான் தனித்தனியா கட்டச் சொன்னீங்க."

"அப்போ எல்லாத்துலயும் ஒரே நேரத்தைப் போடு. நான் எழுதி முடிச்ச நாள், நேரம்."

போட்டாள். ஆப் கடை கதவைச் சாத்தியது.

"என்னவாம்?"

"நம்ம கையொப்பச் சான்றிதழ் போன வருஷம் வாங்கினது மாமா. இருபது வருஷம் முன்னாடி எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேக்குது."

பெரியவர் மனமில்லாமல் இந்த வருடத்துக்கு இறங்கி வந்தார். இரண்டு எண்கள் ஒத்துப்போயின. களஞ்சியம் மட்டும் முரண்டு பிடித்தது.

மருமகள் தயங்கினாள். "அங்கே இருக்கிற தன்னார்வலர் யாரோ நம்ம நிரல்ல பதினோரு வரி சேர்த்திருக்காங்க."

"என் எழுத்துலயா? என்னைக் கேக்காமலா?"

"நாலு தடவை கேட்டு எழுதினாங்க. முன்பின் தெரியாதவங்க கடிதத்தைப் பிரிக்காதேன்னீங்க."

அவள் அந்த வரிகளைத் திரையில் காட்டினாள். பெரியவர் கண்ணாடியை மாட்டினார். இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரி அவரை உள்ளே இழுத்தது. தலை முன்னால் சாய்ந்தது. சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்களேன் மாமா."

"என் வீட்டுச் சுவத்துல எவனோ ஆணி அடிச்சிருக்கான். நேரா அடிச்சிருக்கானான்னு பார்க்கச் சொல்றியா? பிடுங்கு."

களஞ்சியத்துக்கு எழுதிப் போட்டாள். அரை மணியில், மறுபேச்சில்லாமல், எடுத்துவிட்டார்கள்.

மூன்று எண்களும் ஒன்றாயின. பெரியவர் எழுத்தெழுத்தாக இரண்டு முறை ஒப்பிட்டார். பிறகு தானே எழுத்தரைக் கூப்பிட்டார்.

"எங்க வீட்டுச் சரக்கு இனிமே எங்கே எடுத்தாலும் ஒண்ணுதான். எழுதிக்குங்க."

மறுமுனையில் எழுத்தர் மூன்றையும் மறுபடி இறக்கிச் சரிபார்க்கும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"ஒண்ணாதான் ஐயா இருக்கு" என்றார் எழுத்தர். "ஆனா மத்த ரெண்டையும் களஞ்சியத்துல இருந்த அந்த மூணாவது மாதிரி ஆக்குவீங்கன்னு நினைச்சோம். அது போட்ட அட்டவணையில மட்டும்தான் ஒரே வாத்தியார் ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புல நிக்காம இருந்தார்."